சீனத் திரையில் ஒரு கடற்கன்னி

நான் ஆசிரியப் பணியில் இருந்த காலத்தில், ஒரு நாள் ஏழாம் வகுப்பு மாணவர்க்குக் கதை ஒன்று சொன்னேன். கடலரசன் மகள் ஒருத்தி நிலவுலகத்து இளவரசன்மேல் அன்பு கொண்டு, தன் நாவையே விலையாகக் கொடுத்துக் கால்களைப் பெற்ற கதை அது. கதை முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். “ஐயா, இது நடந்ததா?” என்று கேட்டான். “இல்லை” என்றேன். “நடக்காததை எதற்காகச் சொல்கிறீர்கள்?” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. கற்பனை வளரும், சொல்வளம் பெருகும், நல்லொழுக்கம் உண்டாகும் என்று பயிற்சிக் கல்லூரியில் நான் கற்ற காரணங்களையெல்லாம் அவனுக்கு ஒப்பித்தேன். அவன் தலையை அசைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டான். அவன் நிறைவடையவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், நானும் நிறைவடையவில்லை.

அந்தக் கேள்விக்குச் சற்று நல்ல விடையை, நான் எதிர்பாராத ஓரிடத்திலே கண்டேன். அது ஒரு சீனத் திரைப்படம். மாணவ நண்பர்களே, அந்தப் படத்தைப் பற்றியும், அதனுள்ளே ஒளிந்திருக்கும் பழங்கதைகளைப் பற்றியும் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

அப்படத்தின் பெயர் ‘மெய்ரென்யூ’. ‘மெய்ரென்’ என்றால் அழகி. ‘யூ’ என்றால் மீன். மீனழகி என்று பெயர்க்கலாம். நம் வழக்கில் சொன்னால் கடற்கன்னி. 2016-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 8-ஆம் நாள், சீனப் புத்தாண்டு தினத்தன்று, அது சீனாவில் வெளிவந்தது. இயக்கியவர் ஸ்டீபன் சௌ. ஹாங்காங்கில் பிறந்து, நகைச்சுவை நடிகராகப் புகழ்பெற்று, பின்னர் இயக்குநரானவர். சீனாவில் மட்டும் அப்படம் 330 கோடி யுவானுக்கு மேல் ஈட்டியது. அந்நாட்டில் 300 கோடி யுவானைக் கடந்த முதற்படம் அதுவே. மறு ஆண்டே வேறொரு படம் அதனை முந்திவிட்டது. மிகுந்த பணம் ஈட்டியதனாலேயே ஒரு படம் சிறந்ததாகிவிடாது. ஆயினும் வானளாவும் கட்டடங்களும் விரைவு இரயில்களும் நிறைந்த ஒரு நாட்டில், மக்கள் திரள்திரளாகச் சென்று ஒரு மாயக்கதையைக் கண்டனர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி.

‘மாயக்கதை’ என்ற சொல்லை இங்கே விளக்கிவிடுகிறேன். மேனாட்டார் இதனைத் தேவதைக் கதை என்பர். ஆனால் தேவதையே வாராத கதைகளும் அந்த வகையில் பல உண்டு. பேசும் விலங்கு, உருமாறும் பெண், கடக்கக்கூடாத எல்லை, கொடுத்தே தீரவேண்டிய விலை ஆகியவை அமைந்த கதைகளையே நான் மாயக்கதை என்கிறேன்.

முதலில் படத்தின் கதையைச் சுருக்கமாகக் கூறுகிறேன். லியூ சுவான் என்பவன் பெருஞ்செல்வன். வறுமையில் பிறந்து, வணிகத்தால் உயர்ந்து, பணமே எல்லாம் என்று நம்புகிறவன். கடலோரப் பகுதி ஒன்றை அவன் பெரும்பொருள் கொடுத்து வாங்குகிறான். கடலைத் தூர்த்து நிலமாக்கி, அதனால் பன்மடங்கு ஆதாயம் பெறுவது அவன் எண்ணம். அங்கே கடல் உயிர்கள் இருந்தால் அரசின் ஒப்புதல் கிடைப்பது அரிது. ஆதலால் வலிய ஒலியலைகளை நீருக்குள் செலுத்தும் சோனார்க் கருவிகளை அமைத்து, அவ்வுயிர்களை ஓடச் செய்கிறான். ஆனால் அந்த நீரில் மனிதர் அறியாத ஒரு குலம் வாழ்கிறது. மேற்பாதி மனித உருவும் கீழ்ப்பாதி மீனுருவும் கொண்ட கடல்மாந்தர் அவர்கள். ஒலியலையால் அவர்களுள் பலர் மடிகின்றனர்; பலர் உடல் புண்ணாகின்றனர். எஞ்சியோர் பாழடைந்த கப்பல் ஒன்றில் ஒடுங்கிக் கிடக்கின்றனர்.

அவர்கள் ஒரு சூழ்ச்சி செய்கின்றனர். ஷான் என்ற இளங்கன்னியை, வாலின் துடுப்பையே பாதமாக ஊன்றி நடக்கப் பழக்குகின்றனர். அவள் மனிதப் பெண்ணாக வேடமிட்டு, லியூ சுவானை மயக்கி, தனியிடத்தில் அவனைக் கொன்றுவிட வேண்டும். அவளும் செல்கிறாள். கொல்ல முயலும் ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒன்று தவறிப்போகிறது. அவள் எறிந்த நச்சுமுள் அவள்மேலேயே தைக்கிறது. அரங்கு முழுவதும் நகைக்கிறது. கடைசியில், கேளிக்கைத் திடல் ஒன்றில் இருவரும் அமர்ந்து சுட்ட கோழியைத் தின்கின்றனர். அந்தச் சுவை லியூ சுவானுக்குத் தன் ஏழை இளமையை நினைவூட்டுகிறது. இருவரும் சேர்ந்து பாடுகின்றனர். கொல்ல வந்தவளும் கொல்லப்பட வேண்டியவனும் ஒருவர்மேல் ஒருவர் அன்பு கொள்கின்றனர்.

பின்னர் உண்மை வெளிப்படுகிறது. அவள் யார் என்பதை அவன் அறிகிறான். தான் செய்த கொடுமை எத்தகையது என்பதையும் உணர்கிறான். கருவிகளை நிறுத்தச் சொல்கிறான். ஆனால் அவனோடு வணிகக் கூட்டுச் சேர்ந்திருந்த ருவோலான் என்ற சீமாட்டி, படையாட்களுடன் சென்று கடல்மாந்தரை வேட்டையாடுகிறாள். லியூ சுவான் இடையே புகுந்து, அம்பும் ஈட்டியும் தன் உடம்பில் தைக்க, குற்றுயிராய்க் கிடந்த ஷானைச் சுமந்து சென்று கடலில் விடுகிறான். சில ஆண்டுகளுக்குப் பின், செல்வத்தைத் துறந்து எளிய வாழ்வு வாழும் அவனைக் காண ஒரு மாணவன் வருகிறான். கடற்கன்னியைக் கண்டதுண்டா என்று அம்மாணவன் கேட்கிறான். இல்லை என்று லியூ சுவான் கூறிவிடுகிறான். ஆனால் அவன் வீட்டிலேதான் ஷான் இருக்கிறாள்.

இவ்வளவே கதை. இதன் வேரைத் தேடினால் முதலில் நாம் டென்மார்க்கு நாட்டுக்குச் செல்ல வேண்டும். நான் என் வகுப்பில் சொன்ன கதையை எழுதியவர் அந்நாட்டவரான ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். அது அச்சேறிய ஆண்டு 1837. சீனர்க்கு அது நெடுநாளாக அறிமுகமான கதை. யே ஜுன்ஜியான் என்ற அறிஞர் ஆண்டர்சன் கதைகளை டேனிஷ் மொழியிலிருந்தே நேராகச் சீனத்தில் பெயர்த்தளித்தார். கோபன்ஹேகன் துறைமுகத்தில் 1913-ஆம் ஆண்டு முதல் பாறைமேல் அமர்ந்திருக்கும் கடற்கன்னியின் வெண்கலச் சிலையும், 2010-ஆம் ஆண்டு ஷாங்காய் நகரில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சிக்குச் சென்று, சில திங்கள் அங்கே இருந்து மீண்டது.

ஆண்டர்சன் கதையையும் இப்படத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஆண்டர்சனின் கன்னி, இளவரசனைப் புயலிலிருந்து காப்பாற்றுகிறாள். கால்களைப் பெறுவதற்காகத் தன் குரலைக் கடற்சூனியக்காரியிடம் இழக்கிறாள். எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பது போன்ற வேதனை தருகிறது. இளவரசனோ வேறொருத்தியை மணக்கிறான். அவனைக் குத்திக் கொன்றால் நீ மீண்டும் கடலுக்குத் திரும்பலாம் என்று சொல்லித் தமக்கையர் ஒரு கத்தியைத் தருகின்றனர். அவள் அதனைக் கடலில் எறிந்துவிட்டுத் தானும் வீழ்ந்து நுரையாகிறாள். காற்றின் மகளாக அவள் மேலெழுவதாக ஆண்டர்சன் முடித்தாலும், படிப்போர் உள்ளத்தில் நிற்பது அந்த நுரைதான்.

சீனப் படத்திலும் கத்தி உண்டு. ஆனால் அது கதையின் முடிவிலே வருவதில்லை, தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. ஷான் அன்பு செய்ய வந்தவள் அல்லள், கொல்ல வந்தவள். நடப்பது அவளுக்கும் துன்பந்தான். அவள் தத்தித் தத்தி நடப்பதைக் கண்டு நாம் சிரிக்கிறோம், சிரித்த பின் சற்றே நாணுகிறோம். ஆனால் அவள் தன் குரலை யாருக்கும் விற்கவில்லை. பேசுகிறாள், பாடுகிறாள், சினக்கிறாள். ஆண்டர்சன் கதையில் இளவரசன் கடைசி வரையில் ஒன்றும் அறியாதவன். தனக்காக ஒருத்தி எதை இழந்தாள் என்பது அவனுக்குத் தெரியவே தெரியாது. லியூ சுவானோ அறிகிறான். அறிந்தபின் முன்போல் இருக்க அவனால் முடியவில்லை. இரண்டு கதைகளுக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

இனிச் சீனத்தின் பழங்கதைகளுக்கு வருவோம். கடற்கன்னி சீனர்க்கு மேனாட்டார் கொடுத்த பொருள் அன்று. தென்கடலுக்கு அப்பால் ‘ஜியாவ்ரென்’ என்னும் நீர்மாந்தர் வாழ்கின்றனர் என்றும், அவர்கள் மீனைப்போல் நீரில் வாழ்ந்து ஓயாது நெசவு செய்கின்றனர் என்றும், அவர்கள் அழுதால் கண்ணீர் முத்தாகும் என்றும் கான் பாவ் என்பவர் 4-ஆம் நூற்றாண்டில் தொகுத்த நூல் கூறுகிறது. அவருக்கும் முற்பட்ட சாங் ஹுவா என்பவரின் பெயரால் வழங்கும் ஒரு செய்தி இன்னும் அழகானது. நீர்மாந்தர் ஒருவர் கரையேறி வந்து ஒரு வீட்டில் தங்கிப் பல நாள் பட்டு விற்றார். விடைபெறும் நாளில் வீட்டுக்காரரிடம் ஒரு பாத்திரம் கேட்டு வாங்கி, அது நிறையுமளவும் முத்துக்களாக அழுது, அவற்றை அவருக்கே அளித்துச் சென்றார். தங்க இடம் தந்ததற்கு அவர் கொடுத்த கூலி அவருடைய கண்ணீர்!

மற்றொரு கதை நத்தைப் பெண்ணின் கதை. சியே துவான் என்ற ஏழை இளைஞன் பெரிய நத்தை ஒன்றைக் கண்டெடுத்து வந்து பானையில் வைத்திருந்தான். அன்று முதல் அவன் வயலிலிருந்து திரும்பும்போதெல்லாம் சோறும் கறியும் ஆயத்தமாக இருந்தன. ஒரு நாள் மறைந்திருந்து பார்த்தான். நத்தைக்குள்ளிருந்து ஒரு பெண் வெளிப்பட்டு அடுப்பு மூட்டுவதைக் கண்டான். அவள் வானுலகத்தவள், அவனுடைய எளிமையைக் கண்டு இரங்கி அனுப்பப்பட்டவள். ஆனால் அவள் உருவம் காணப்பட்டுவிட்டது. ஆகவே அவள் இனி இருக்க இயலாது. தன் ஓட்டை மட்டும் விட்டுச் செல்கிறாள். அதில் வைத்த அரிசி குறைவதே இல்லை.

மூன்றாவது, வெள்ளைப் பாம்பின் கதை. பாம்பு ஒன்று பெண்ணுருக் கொண்டு ஹாங்சௌ நகரத்து இளைஞன் ஒருவனை மணந்து வாழ்கிறது. துறவி ஒருவர் அவளைத் தம் பிச்சைப் பாத்திரத்தில் அடக்கி, மேற்கு ஏரிக்கரையில் உள்ள லெய்ஃபெங் கோபுரத்தின் கீழ்ப் புதைத்து விடுகிறார். 1624-ஆம் ஆண்டில் ஃபெங் மெங்லோங் வெளியிட்ட தொகுப்பில் இக்கதை உள்ளது. அந்தக் கோபுரம் கற்பனை அன்று, உண்மையாகவே நின்றது. அதன் செங்கல்லுக்குத் தீமை நீக்கும் ஆற்றல் உண்டு என்று நம்பிய மக்கள் ஒவ்வொன்றாகப் பெயர்த்தெடுத்துச் சென்றனர். வலுவிழந்த கோபுரம் 1924-ஆம் ஆண்டு இடிந்து வீழ்ந்தது. சீனத்தின் பெரும் எழுத்தாளர் லூ சுன் அப்போது ஒரு கட்டுரை எழுதினார். தம் பாட்டி இக்கதையைச் சொல்லக் கேட்ட சிறுவயது முதலே, அந்தக் கோபுரம் விழவேண்டும் என்பதே தம் விருப்பமாக இருந்தது என்று அதில் கூறினார். கதை கேட்ட ஒரு குழந்தையின் உள்ளம் யார் பக்கம் நின்றது என்பதைக் கவனியுங்கள். இன்று அங்கே நிற்பது 2002-இல் புதிதாகக் கட்டிய கோபுரம்.

இம்மூன்று கதைகளிலும் ஆண்டர்சன் கதையிலும் பொதுவாக உள்ளது யாது? இரண்டு உலகங்கள் உள்ளன. நடுவே ஓர் எல்லை உள்ளது. எல்லையைக் கடப்பதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையைக் கொடுப்பவர் எப்போதும் மனிதர் அல்லர், மறுபுறத்திலிருந்து வந்தவரே. நீர்மாந்தர் கண்ணீரைக் கொடுத்தார். நத்தைப் பெண் உழைப்பைக் கொடுத்தாள். போகும்போது ஓட்டையும் கொடுத்தாள். வெள்ளைப் பாம்பு விடுதலையைக் கொடுத்தாள். ஆண்டர்சனின் கன்னி நாவைக் கொடுத்தாள், பிறகு உயிரையும் கொடுத்தாள். மனிதன் வாங்கிக்கொண்டே இருந்தான். முத்தை வாங்கினான், சோற்றை வாங்கினான், அன்பை வாங்கினான்.

இந்தப் பழங்கணக்கை ஸ்டீபன் சௌ மாற்றி எழுதுகிறார். அவருடைய படத்திலும் கடல்மாந்தர் முதலில் தங்கள் உயிரை இழக்கின்றனர். ஆனால் அந்த இழப்பைக் காதலின் காணிக்கை என்று படம் அழகுபடுத்தவில்லை, குற்றம் என்றே காட்டுகிறது. ஆகவே கணக்குத் தீர வேண்டுமானால் இம்முறை மனிதன் கொடுக்க வேண்டும். லியூ சுவான் கருவிகளை நிறுத்துகிறான், செல்வத்தை இழக்கிறான், உடம்பில் அம்பை ஏற்கிறான். கடைசியில், தான் கண்ட அதிசயத்தைப் பிறரிடம் சொல்லிப் பெருமை பெறும் உரிமையையும் விட்டுவிடுகிறான். மாணவன் கேட்டபோது அவன் கூறிய ‘இல்லை’ என்ற பொய், அந்தக் குலத்தைக் காப்பதற்காகச் சொன்ன பொய். நத்தைப் பெண் காணப்பட்டதனால் பிரிய நேர்ந்தது. இங்கே, கண்டவன் வாய் திறவாமையால் அவள் உடன் வாழ முடிகிறது. பழைய கதையின் விதி அப்படியே இருக்கிறது. அதைக் காக்கும் பொறுப்பு மட்டும் மனிதன் தோளுக்கு மாறியிருக்கிறது.

இப்படத்தில் நகைச்சுவையும் வீணாக வைக்கப்படவில்லை. தொடக்கத்தில் ஒரு காட்சிசாலை வருகிறது. அதிசயப் பொருள்கள் என்று சொல்லிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, அங்கே பொய்ப்பொருள்களையே காட்டுகின்றனர். காட்சிசாலைக்காரனே மீன்வால் கட்டிக்கொண்டு நீர்த்தொட்டியில் படுத்துக் கடற்கன்னியாக நடிக்கிறான். நடுவே மற்றொரு காட்சி. கடல்மாந்தரிடமிருந்து தப்பி ஓடிவந்த லியூ சுவான் காவல் நிலையத்தில் முறையிடுகிறான். பாதி மனிதர், பாதி மீன் என்கிறான். அதிகாரி படம் வரைந்து காட்டுகிறார். ஒரு படத்தில் இடப்பாதி மனிதர், வலப்பாதி மீன். மற்றொன்றில் மேலே மீன்தலை, கீழே மனிதக் கால். அதிகாரிகள் சிரிப்பை அடக்க முயன்று தோற்கின்றனர். இவ்விரு காட்சிகளையும் இணைத்துப் பாருங்கள். பொய்க் கன்னிக்குக் கட்டணம் கிடைக்கிறது. மெய்க் கன்னியைக் கண்டவன் சொல்லை நம்ப ஆளில்லை. கடலுக்குள் நடக்கும் அழிவைப் பற்றிக் கரையில் இருப்போர்க்குச் சொல்லும் எவர்க்கும் நேரும் இடர்ப்பாடு இது.

இவ்வளவு பாராட்டியபின் குறைகளையும் சொல்லுவதே நேர்மை. முதலாவது, இறுதியில் வரும் வேட்டைக் காட்சி மிகக் கொடியது. சிறு குழந்தைகளுக்கு ஏற்றதன்று. இரண்டாவது, ருவோலான் என்ற பெண்ணைப் படைத்திருக்கும் முறை. பழங்கதைகளில் கொடுமைக்காரச் சிற்றன்னை ஒருத்தி இருப்பாள். தீமை அனைத்தும் அவள் தலையில் ஏற்றப்படும். இங்கேயும் அவ்வாறே. ஒலியலைக் கருவியை அமைக்கச் செய்தவன் லியூ சுவான். ஆனால் அவனுக்குக் காதல் வந்தது, மன்னிப்பும் வந்தது. அவளுக்குப் பொறாமை மட்டுமே கிடைத்தது. அழகனுக்கு ஒரு நீதி, சினந்த பெண்ணுக்கு ஒரு நீதி என்னும் இந்தப் பழக்கத்தையும் இயக்குநர் மாற்றி எழுதியிருக்கலாம்.

மூன்றாவது குறை இன்னும் ஆழமானது. ஒரு செல்வன் மனம் மாறினான், கடல் பிழைத்தது என்று படம் முடிகிறது. உலகில் கடல் அவ்வாறு பிழைப்பதில்லை. வலிய ஒலியலைகள் கடல் உயிர்களை வருத்தும் என்பது கற்பனை அன்று. 2000-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பஹாமாஸ் தீவுகளின் கரையில் திமிங்கிலங்கள் பல ஒதுங்கின. அமெரிக்கக் கடற்படையின் சோனார்க் கருவிகளே அதற்குக் காரணமாதல் கூடும் என்று அந்நாட்டு அரசின் ஆய்வே கூறியது. கடலைத் தூர்ப்பதும் கற்பனை அன்று. சீனக் கடற்கரையின் சேற்று நிலங்கள் பல பத்தாண்டுகளாகத் தூர்க்கப்பட்டு வந்தன. 2018-ஆம் ஆண்டில் சீன அரசு, நாட்டின் பெருந்திட்டங்களுக்கு அன்றிப் பிறவற்றுக்குப் புதிதாகக் கடலைத் தூர்க்க ஒப்புதல் இல்லை என்று ஆணையிட்டது. ஒரு தனி மனிதனின் மனமாற்றம் செய்யமுடியாததை ஒரு சட்டம் செய்ய முயன்றது. சட்டம் காதலைப்போல் சுவையான கதையாகாது. ஆனால் கடலுக்கு அது மிகவும் வேண்டும்.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் என் பேச்சை முடிக்க மனம் வரவில்லை. யாங்சி பேராற்றில் ‘பைஜி’ என்னும் வெண்ணிற ஓங்கில் வாழ்ந்து வந்தது. கலங்கிய ஆற்றில் அதற்குக் கண் மிகுதியும் பயன்படுவதில்லை. தான் எழுப்பிய ஒலி எதிரொலித்து வருவதைக் கேட்டே அது வழியறிந்தது, இரை தேடியது. ஆற்றங்கரை மக்கள் அதனைப் பற்றி ஒரு கதை சொல்லிவந்தனர். விரும்பாத ஒருவனை மணக்க மறுத்த இளவரசி ஒருத்தியைக் குடும்பத்தார் ஆற்றில் அமிழ்த்தினர். அவளே பைஜியாகப் பிறந்தாள் என்பது கதை. யாங்சியின் தெய்வமகள் என்று அதனை அழைத்தனர்.

பின்னர் அந்த ஆற்றில் கப்பல்கள் பெருகின. அவற்றின் இரைச்சல் பெருகியது. அணைகள் எழுந்தன, கழிவு கலந்தது, மீன் பிடிக்கும் தூண்டில்களிலும் வலைகளிலும் பைஜிகள் சிக்கி மடிந்தன. பிடித்துக் காக்கப்பட்ட பைஜி ஒன்று வூஹான் நகரத்து ஆய்வு நிலையத்தில் 22 ஆண்டுகள் வாழ்ந்து 2002-ஆம் ஆண்டு இறந்தது. 2006-ஆம் ஆண்டின் இறுதியில் பல நாட்டு ஆய்வாளர்கள் இரண்டு கப்பல்களில் ஏறி, ஆறு வார காலம் யாங்சி ஆற்றில் அதனைத் தேடினர். கண்ணாலும் தேடினர், நீருக்குள் ஒலிவாங்கிகளை இறக்கிக் காதாலும் தேடினர். ஒன்றுகூடத் தென்படவில்லை.

இளவரசியின் கதை இன்றும் இருக்கிறது. அக்கதையைச் சொல்லவைத்த உயிர் இல்லை. அந்த ஆற்றங்கரையில் இனிப் பிறக்கும் குழந்தை அக்கதையைக் கேட்டுவிட்டு, “இப்படி ஓர் உயிர் உண்மையில் இருந்ததா?” என்று கேட்கும். இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். எங்கே என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றும் இராது.

மாணவ நண்பர்களே, என் வகுப்பில் எழுந்து நின்ற அந்த மாணவனுக்கு இன்று விடை சொல்வதானால் இப்படிச் சொல்வேன். தம்பி, மாயக்கதை நடந்ததா என்று கேட்பது முதற்கேள்வி, நல்ல கேள்வியே. அதனோடு நின்றுவிடாதே. இரண்டாவது கேள்வி ஒன்று உண்டு. இந்தக் கதையில் விலை கொடுத்தவர் யார்? அவர் ஏன் கொடுத்தார்? கொடுக்க வேண்டியவர் வேறு யாரேனும் இருந்தனரா? இப்படிக் கேட்கத் தொடங்கினால், கடலடியில் நடந்ததாகச் சொன்ன கதையும் உன் ஊரில், உன் காலத்தில் நடப்பதாகத் தோன்றும். நாவிழந்த கன்னியைப் போலத் தம் துன்பத்தைச் சொல்ல வாயில்லாத உயிர்கள் நம்மைச் சுற்றிப் பல உள்ளன. அவற்றுக்குக் கற்பனையிலேனும் ஒரு குரல் கொடுத்துப் பார்க்க மனிதன் கண்ட வழிகளுள் ஒன்று மாயக்கதை.

நீங்கள் திரைப்படம் பாருங்கள். வேண்டாம் என்று நான் தடுக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரியுங்கள். காதலர் ஒன்றுசேர்ந்தால் மகிழுங்கள். அரங்கை விட்டு வெளியே வரும்போது மட்டும் அந்த இரண்டாவது கேள்வியை ஒருமுறை உங்களுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்குச் சென்றதும் உங்கள் பாட்டியிடம், அவருக்குத் தெரிந்த பழங்கதை ஒன்றைச் சொல்லச் சொல்லி, அதே கேள்வியை அங்கேயும் கேளுங்கள். பாட்டிக்கு விடை தெரிந்திருக்கும். இதுவரையில் எவரும் கேட்டிராமையால் சொல்லாமல் இருந்திருப்பார்.